கோதுமை பியரும் சுறாப்புட்டும்

புதுச்சேரிக்குப் போய் பாட்டில் பியர் குடித்துவிட்டு வருகிறவர்களை இனிமேல் நான் மன்னிப்பதாக இல்லை. 650 மில்லி பாட்டில் நம்ம விருத்தாசலத்திலேயே கிடைக்கிறது. மூடியைத் திறந்தால் அதே பியர், அதே ருசி. அதற்கு எதற்கய்யா நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர் என்று பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும்? போனால் அங்கேயே காய்ச்சி, அங்கேயே புளிக்க வைத்து, தொட்டியிலிருந்து நேராக கிளாஸில் இறக்குவதைக் குடிக்க வேண்டும். காலையில் படகில் வந்த மீனை மதியத்துக்குள் தின்ன வேண்டும். நான் இரண்டையும் செய்துவிட்டு வந்தவன். கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கருவேப்பிலங்குறிச்சி. வெள்ளாற்றுப் பக்கத்து ஊர்க்காரனுக்கு மீன் என்றால் ஏரிக் கெண்டை, ஆற்றுக் கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். கடல் மீன் ஐஸ் பெட்டிக்குள் படுத்துக்கொண்டுதான் வந்து சேரும். பிழைப்பு விருத்தாசலத்தில், ஒரு பீங்கான் யூனிட்டில். ஃபியூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, கொலு சீசன் வந்தால் பொம்மை. கிளேஸ் போட்டுப் போட்டு எனக்கு எதைப் பார்த்தாலும் அடியைத் திருப்பிப் பார்க்கிற வியாதி. அந்த வியாதி இந்தப் பயணத்தில் எவ்வளவு உதவியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சேதராப்பட்டில் வேலை பார்க்கும் என் மச்சான் பல நாளாகவே நச்சரித்துக்கொண்டிருந்தான். "மாமா, ஒரு சனி ஞாயிறு வாங்க. நீங்க குடிக்கிறதெல்லாம் பியரே இல்ல." பஸ்ஸில்தான் போனேன். குடிக்கப் போகிறவன் வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான். வடலூரைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் வந்தவர்க்கெல்லாம் சோறு போடுகிற ஊர். மீனுக்கும் பியருக்கும் கிளம்பியவன் அந்தத் திசையை எந்த முகத்தோடு பார்ப்பது? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியச் சாப்பாடு பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு மெஸ். பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது, மீதியை நான் படிக்கவில்லை. வாசலுக்கே மணம் வந்துவிட்டது, அப்புறம் எங்கே படிக்கிறது! சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல், சுறாப்புட்டு. இந்தச் சுறாப்புட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பால் சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, சதையைத் தண்ணீர் போகப் பிழிந்து உதிர்க்கிறார்கள். பிறகு சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாம் வதங்கிய எண்ணெயில் போட்டு, ஈரம் வற்றும்வரை அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இலையில் விழுந்தது தேங்காய்ப்பூப் போல உதிரி உதிரியாக இருந்தது. இடையிடையே கருகும் நிலைக்கு முந்தின பூண்டு. சோற்றில் பிசைந்தால் சோறு வெறும் சாக்கு. பரிமாறிய அக்கா என் இலையைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா தம்பி?" என்றார். நாற்பதைத் தாண்டிய என்னைத் தம்பி என்று கூப்பிட்டதற்காகவே இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.

குழம்பின் தாளிப்பில் வடகம். எங்கள் வீட்டில் கோடையில் மொட்டை மாடியில் காயும் அதே வடகம்தான்: சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து, கறிவேப்பிலை எல்லாவற்றையும் விளக்கெண்ணெய் தடவிப் பிசைந்து, உருண்டை பிடித்து, நாள்கணக்கில் வெயிலில் வைத்து எடுப்பது. இதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ருசி கண்டு ஊருக்குக் கொண்டுபோய் 'வதூவான்' என்று மசாலாப் பொடியாக்கி, பெரிய பெரிய ஓட்டல்களில் மீனுக்கும் ஆட்டுக்கறிக்கும் தூவிக்கொண்டிருக்கிறார்கள். என் அம்மாவிடம் போனில் சொன்னேன். "காக்கா கொத்தாம பாத்துக்கிறதுக்கு அவனுங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள். பதில் இல்லை என்னிடம்.

இப்போது பியருக்கு வருவோம். புதுச்சேரியின் முதல் மைக்ரோபிரூவரி என்று பெயரெடுத்தது கட்டமரான் பிரூயிங் கம்பெனி. சாயங்காலம் அங்கேதான் கூட்டிப்போனான் மச்சான். நான் ஒரு முழு கிளாஸுக்குக் கை தூக்கப் போனேன், அவன் தடுத்துவிட்டான். சின்னச் சின்ன கிளாஸில் வகைக்கொன்றாக வாங்கி, எது பிடிக்கிறதோ அதை அப்புறம் முழுதாக வாங்குவதுதான் முறையாம். நல்ல முறை. ஜவுளிக்கடையில் பத்துப் புடவை பிரித்துப் பார்ப்பவர்களுக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை.

முதலில் கோதுமை பியர், ஜெர்மனி பாணி. பார்க்க மங்கலாக, வடிகட்டாத பழரசம் மாதிரி இருந்தது. எனக்கு ஏமாற்றம். மூக்கருகே கொண்டுபோனதும் எல்லாம் மாறிவிட்டது. வாழைப்பழம்! சத்தியமாக வாழைப்பழ மணம், பின்னாலேயே மெல்லிசாகக் கிராம்பு. "எசன்ஸ் போட்டிருக்காங்களாடா மாப்ளே?" என்றேன். பரிமாறிய பையன் சிரித்துக்கொண்டே விளக்கினான். பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை. முளைகட்டிக் காயவைத்த தானியத்தை உடைத்து, ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்தச் சாற்றை ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து ஆறவிட்டு ஈஸ்ட்டைச் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் வாயுவையும் விடுகிறது. கோதுமை பியருக்கென்று இருக்கும் ஈஸ்ட் கூடவே இந்த மணங்களையும் விடுகிறது. 1516-இல் பவேரியாவில் பியருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் இந்த மூன்றைத் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை, அப்படி ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. வேலையெல்லாம் பார்த்தவனுக்குச் சட்டத்தில் இடமில்லை. நம்ம ஊர் யூனிட்டுகளிலும் நடக்கிற கதைதான்.

இரண்டாவது, பெல்ஜியம் பாணி வெள்ளை பியர். இதில் மட்டும் நிஜமாகவே சரக்கு சேர்க்கிறார்கள். என்ன சரக்கு தெரியுமா? ஆரஞ்சுத் தோலும் தனியாவும். ஆமாம், ரசத்துக்கு நாம் வறுக்கிற அதே கொத்தமல்லி விதை! இந்த வகையே 1950-களில் அதன் சொந்த ஊரான ஹூகார்டனில் செத்துப்போயிருந்தது. அடுத்த பத்தாண்டில் பியேர் செலிஸ் என்ற பால்காரர்தான் மறுபடி காய்ச்சி உயிர் கொடுத்தார். அந்தப் பால்காரர் வாழ்க! இதற்குத் தொட்டுக்கொள்ளப் பொரித்த கடம்பா சொல்லியிருந்தோம். மொறுமொறுப்பு, மேலே எலுமிச்சை, ஒரு வாய் பியர். எண்ணெய் வழுவழுப்பை அந்தத் தனியா மணம் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது. அடுத்த கடம்பா, அடுத்த வாய். தட்டு எப்போது காலியானது என்று இருவருக்குமே தெரியாது.

ஐ.பி.ஏ. என்கிற கசப்பு பியரும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் பியர் காய்ச்சிய ஹாட்ஜ்சன் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலில் அனுப்பிய பியரின் வம்சம். கதை நன்றாக இருக்கிறது, கசப்பு என் நாக்குக்கு அதிகம். மச்சானுக்குத் தள்ளிவிட்டேன். கடைசியில் ஸ்டவுட், வறுத்த பார்லியில் செய்த கறுப்பு பியர். கண்ணை மூடிக் குடித்தால் ஃபில்டர் காபியின் இரண்டாம் டிகாஷன் நிற்கிறது நாக்கில். சர்க்கரை இல்லாத காபி பிடிப்பவர்கள் இதற்கு அடிமையாவது உறுதி.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று யோசித்தால், புதுசு என்பதுதான். பாட்டில் பியரை மாதக்கணக்கில் தாங்க வேண்டும் என்பதற்காகச் சூடுபடுத்தி ஈஸ்ட்டை அடக்கிவிடுகிறார்கள். இங்கே அந்த அவசியம் இல்லை. கள்ளிலும் இதே கணக்குத்தானே? காலையில் இறக்கியது இனிப்பு, சாயங்காலம் புளிப்பு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை இன்றும் இருக்கிறது. அந்த ஊர்ப் பெரியவர்களிடம் போய் புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்க எந்தப் பையனும் தேவையில்லை.

அடியைத் திருப்பிப் பார்க்கிற வியாதி என்றேன் அல்லவா? மறுநாள் மதியம் வெள்ளைநகரில் ஒரு வீட்டு முற்றத்து ஓட்டலில் மீன் புயாபேஸ் சாப்பிட்டோம். பிரான்ஸின் மர்சேய் துறைமுகத்து மீன் சூப், நம்ம மஞ்சளும் மிளகாயும் பட்டு வேறு ஜாதியாகிவிட்ட பண்டம். சூப் தீர்ந்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். ஸ்டோன்வேர்! நீலப்பச்சை கிளேஸ், விளிம்பில் மெலிந்து பழுப்பு எட்டிப்பார்க்கிறது, உள்குழியில் தேங்கிக் கண்ணாடியாக நிற்கிறது. அடிவளையத்தில் கிளேஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு 1,300 டிகிரி பக்கம் சுட்டிருக்கிறார்கள். எங்கள் யூனிட்டில் ஃபியூஸ் கேரியருக்கு ஏற்றுகிற வெப்பத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. பரிமாறியவர் கிண்ணத்தில் ஏதாவது குறையோ என்று பதறி ஓடிவந்தார். குறையா? கும்பிடலாம் போலிருந்தது. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை ஆரம்பித்தார்கள். அங்கே கற்றுக்கொண்டு போனவர்கள் இன்று நாடு முழுக்கச் சக்கரம் சுற்றுகிறார்கள். புதுச்சேரி ஓட்டல்களில் சாப்பாட்டுக்கு முன்பே தட்டு ருசிப்பதற்கு அதுதான் காரணம். நம்ம விருத்தாசலத்து ஆட்கள் இரண்டு பேர் அங்கே போய் ஒரு வாரம் உட்கார்ந்து வந்தால் என்ன என்று அப்போதிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அருங்காட்சியகத்தையும் விடவில்லை. கடலூர் சாலையில் அரியாங்குப்பத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்திய தரைக்கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின சரக்கு. கூர் அடி, இரண்டு கைப்பிடி, கப்பலின் அடித்தளத்தில் வரிசையாகச் சாத்தி வைப்பதற்குத் தோதான வடிவம். அருங்காட்சியகத்தில் அந்தத் துண்டுகளின் ஓட்டில் கலந்திருந்த மணலைப் பார்த்தபடி நான் நின்றேன். மச்சான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். இந்தக் கரையில் வெளியூர்ச் சரக்கை ருசி பார்ப்பது நேற்று வந்த பழக்கமில்லை என்று அவனுக்குச் சொன்னேன். "பசிக்குது மாமா" என்றான்.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் தோசையும் காபியும், 'லைஃப் ஆஃப் பை' நாவல் தொடங்குகிற இடம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், நடுரோட்டில் கை வீசி நடக்கலாம். அங்கேயே ஜி.எம்.டி. கடையில் இத்தாலி ஐஸ்கிரீம். பழைய துறைமுக அலுவலகத்தில் நடக்கும் லே கஃபேயில் காபி சுமார்தான், அலைச் சத்தத்துக்காக உட்காரலாம். விடியற்காலையில் விறகு அடுப்பில் சுட்ட நீட்டு பிரெஞ்சு ரொட்டி, அதைப் பிய்த்து முந்தின நாள் கறிக்குழம்பில் முக்கினால் பரோட்டாவை மறந்துவிடுவீர்கள்.

அந்த ரொட்டியில் நாலு வாங்கிப் பையில் நீட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். பெண்ணையாற்றைத் தாண்டினால் ஆல்பேட்டை செக்போஸ்ட். புதுச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, பஸ்ஸில் ஏறிப் பை பையாகத் தட்டிப் பார்ப்பார்கள். என் பையில் செய்தித்தாள் சுற்றிய நீள உருண்டைகளைப் பார்த்ததும் காவலர் நின்றுவிட்டார்.

"என்ன இது?"

"ரொட்டி சார்."

"இவ்ளோ நீளமா?"

பிரித்துக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "எந்தக் கடை?" என்று கேட்டார். சொன்னேன். நாளைக்கு டூட்டி முடிந்ததும் போவாராம். மதியமும் ஆகட்டும் என்று அந்த மெஸ்ஸுக்கும் வழி சொன்னேன்.