பெரிய கோயிலும் அணு உலையும்

ஒரு வாதத்தை எடை போடும்போது அதைச் சொன்னவரின் பெருமையை ஒருபுறம் வைத்துவிட்டு, சொல்லப்பட்ட பொருளை மட்டும் ஆராய வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஆதரித்து 2011 நவம்பரில் எழுதிய நீண்ட கட்டுரையையும் அவ்வாறே அணுகுதல் தகும். பதின்மூன்றாம் மலேசியத் திட்டம் 2025இல் அணுமின்சாரத்தை நம் நாட்டிலும் மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவந்திருப்பதால், அக்கட்டுரை நமக்கும் உரியதாகிறது.

அது எழுதப்பட்ட வேளையை முதலில் நினைவுகொள்ள வேண்டும். அவ்வாண்டு மார்ச் மாதம் ஜப்பானில் புக்குஷிமா விபத்து நேர்ந்தது. இடிந்தகரை மீனவ மக்கள் உண்ணாநோன்பு இருந்தனர். அவர்கள் அச்சத்தைப் போக்குவதே கட்டுரையின் நோக்கம். மின்சாரமின்றி முன்னேற்றம் இல்லை. காற்றும் வெயிலும் பருவத்தை நம்பியவை. இந்தியாவின் தோரியம் வருங்காலச் செல்வம் என்பன அதன் முக்கியக் கருத்துகள். இவற்றோடு உள்ளத்தைத் தொடும் ஓர் உவமையும் உண்டு. இயற்கைச் சீற்றத்துக்கு அஞ்சியிருந்தால் இராஜராஜன் பெரிய கோயிலையும் கரிகாலன் கல்லணையையும் கட்டியிருப்பார்களா என்று அவர் வினவுகிறார்.

மின்சாரத்தின் அருமையை எனக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நான் வளர்ந்த தோட்டத்தில் இரவு சில மணி நேரமே ஜெனரேட்டர் ஓடும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்குத்தான். காற்றைப்பற்றி அவர் சொல்வதும் பெரும்பாலும் சரியே. கூடங்குளத்துக்கு அண்மையிலேயே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் திரளாக நிற்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை அவை விசையோடு சுழலும்; மற்ற மாதங்களில் தளர்ந்துவிடும். 2013இலும் 2016இலும் மின்சாரம் தரத் தொடங்கிய கூடங்குளத்து உலைகள் இரண்டும் தலா 1,000 மெகாவாட் திறனுடையவை. இரவென்றும் பகலென்றும் பாராதவை. ஆயினும் எரிபொருள் மாற்றவும் பழுது பார்க்கவும் அவற்றையும் நிறுத்தத்தான் வேண்டும். அப்போது 1,000 மெகாவாட்டும் ஒருங்கே நின்றுபோகும். ஆகவே காற்றா அணுவா என்று பட்டிமன்றம் நடத்துவது பயன் தராது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யுமா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இனி உவமைக்கு வருவோம். கோயில் இடிந்தால் அதன் தீங்கு இடிபாட்டோடு முடியும், மீண்டும் கட்டலாம். அணு உலையோ ஒரு பிழையுமின்றி ஓடினாலும், எரிந்த எரிபொருளைக் கழிவாக விட்டுச் செல்கிறது. அதைக் கூடங்குளத்தில் உலைக்கு வெளியே தனிக் கிடங்கில் வைக்க 5 ஆண்டுக்குள் ஏற்பாடு வேண்டும் என்று இந்திய உச்சநீதிமன்றம் 2013இல் பணித்தது. 2018இல் அந்தக் கெடு 2022வரை நீட்டிக்கப்பட்டது. கட்டுவோரின் துணிவை உவமை போற்றுகிறது; காப்போரின் கடமையைப்பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மேலும், அக்காலம் முடியாட்சி. குடிகளின் ஒப்புதல் மன்னருக்குத் தேவைப்படவில்லை. இன்றைய அரசாங்கத்துக்கு அது தேவை.

இதைத் தொலைவிலுள்ள ஊரின் கதையென்று ஈப்போ வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் அமாங் மணலில் மோனசைட் என்னும் தாது உண்டு. அதிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரிக்கும் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கியது. அஃது அணு உலையன்று. ஆனால் அதன் கழிவில் இருந்தது, கலாம் அவர்கள் செல்வம் என்று போற்றிய அதே தோரியம். பிற்காலத்தில் எரிபொருளாகும் என்றெண்ணியே இங்கும் அதைச் சேமித்துவைக்கத் திட்டமிட்டனர்.

கிடங்கு தங்கள் ஊரில் வேண்டா என்று பாப்பான் மக்கள் 1984இல் எதிர்த்தனர். புக்கிட் மேராவாசிகள் எண்மர் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்துமாறு தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. துப்புரவுக்கு ஆன செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர். கழிவு இன்று கிளேடாங் மலையில் புதைந்து கிடக்கிறது. தோரியத்தில் ஒரு பாதி சிதைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு செல்லும். அத்தனை மெல்லச் சிதைவதால் அதன் கதிர்வீச்சும் மெல்லியதே என்பர் விஞ்ஞானிகள், அது மெய்யே. ஆயினும் அம்மலைக்குக் காவல் வேண்டியதில்லை என்று அவர்களும் சொல்வதில்லை.

எனவே அணுமின்சாரத்தை அறவே ஒதுக்க வேண்டும் என்பது என் முடிவன்று. நிலக்கரிப் புகையிலிருந்து விடுபட அதற்கும் ஓர் இடம் இருக்கலாம். ஆனால் கழிவு எங்கே இருக்கும், யார் காப்பார், அயலில் வாழ்வோர் கணக்குக் கேட்டால் யார் விடை சொல்வார் என்பன அடிக்கல் நாட்டுமுன்பே தீர வேண்டியவை. புக்கிட் மேராவில் அவ்வினாக்கள் ஆலை ஓடத் தொடங்கியபின் நீதிமன்றத்தில்தான் எழுந்தன. கேட்ட மக்களைக் கோழைகள் எனல் தகாது. விடையை மட்டும் எழுதி, வழியைக் காட்டாத மாணவனுக்கு நாம் முழு மதிப்பெண் தருவதில்லை. அரசாங்கத்திடமும் அறிஞரிடமும் நாம் கேட்பது அவ்வளவே: வழியைக் காட்டுங்கள்.