குறளிரண்டும் எருவும்

திருக்குறள் உழவு அதிகாரத்தின் 1037, 1038ஆம் குறள்கள் தம்முள் முரணுவன போலத் தோன்றும். ஒரு பலப் புழுதி காற்பலமாகுமாறு உழுது காயவிட்டால், பிடியளவு எருவுமின்றிப் பயிர் செழிக்கும் என்பது முன்னது. உழவைவிட எருவைச் சிறப்பிப்பது பின்னது. முன்னதை மட்டும் பிரித்தெடுத்து, வள்ளுவர் எருவை வேண்டாவென விலக்கினார் எனக் கொள்வது பொருந்தாது.

ஆப்பிரிக்காவின் கென்யாவில் மண்ணை ஆராய்ந்த எச். எஃப். பர்ச், காய்ந்த மண் மீண்டும் நனையுங்கால் அதிலுள்ள மட்கு விரைந்து சிதைந்து தழைச்சத்தை வெளியிடும் என 1958இல் விளக்கினார். முன்னைக் குறளின் உண்மை இதனால் புலனாகும். எனினும், அவ்வாறு வெளிப்படுவது மண்ணின் பழைய சேமிப்பே, புது வரவன்று. எடுத்ததை ஈடுசெய்யாவிடின் நிலம் வறிதாகும். ஆதலின், அடுத்த குறள் எருவை வற்புறுத்துதல் முரணன்று, முன்னதன் தொடர்ச்சியே.

இதனை ஜித்ராவைச் சூழ்ந்த கெடா நெல்வயல்களிலும் காணலாம். முன்னாளில் ஒருபோகம் விளைந்தபின் வறண்ட மாதங்களில் நிலம் காய்ந்து கிடந்தது. மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970 முதல் இருபோகம் வரவே, அவ்வோய்வு குறுகியது. அங்கு வைக்கோலை எரிக்காது மண்ணிலேயே மட்கவிடுதலும் எருவிடுதலே ஆகும். வகுப்பறையில் இவ்விரு குறளையும் இணைத்துக் கற்பித்தலே முறை.