கழிப்பறைச் சுவரில் ஒரு முகம்

சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது சோறூட்டும் இயந்திரமும் பல்சக்கரங்களுக்குள் அவர் புகுந்து வருவதும்தான். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சின்னக் காட்சி. தொழிலாளி கழிப்பறையில் சிகரெட் பற்ற வைக்கிறான். உடனே சுவர்த் திரையில் முதலாளியின் முகம் பெரிதாகத் தோன்றி, வேலைக்குப் போ என்று அதட்டுகிறது.

இன்றைய கண்காணிப்பை அன்றே கணித்த படம் என்று இதைப் பாராட்டுவது சுலபம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இன்று நம்மிடம் இல்லாத ஒன்று அந்தப் படத்தில் இருக்கிறது: பார்ப்பவரையும் நம்மால் பார்க்க முடிகிறது. அதட்டுகிற அதே முதலாளி தன் அறையில் படத்துண்டுகளை அடுக்கி விளையாடுவதையும், செய்தித்தாளில் சித்திரக்கதை பார்ப்பதையும் சாப்ளின் முதலிலேயே காட்டிவிடுகிறார். உண்மையில் சும்மா இருப்பது யார் என்று நமக்குத் தெரியும். அதனாலதான் சிரிப்பு வருது.

இப்போது முகம் கிடையாது. டீம்ஸில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஒரு வடிவமைப்புச் சிக்கலை யோசித்துக்கொண்டு கால் மணி நேரம் சன்னலைப் பார்த்தால் பச்சை மஞ்சளாகிவிடும். அந்தக் கால் மணி நேரம்தான் என் உண்மையான வேலை என்பது புள்ளிக்குத் தெரியாது. மவுஸைத் தானாக அசைக்கும் கருவிகள் சும்மாவா விற்பனையாகின்றன? மைக்ரோசாப்ட் 2020-இல் 'புரடக்டிவிட்டி ஸ்கோர்' வசதியில் ஊழியர்களின் பயன்பாட்டைப் பெயரோடு காட்டியது. எதிர்ப்பு வந்ததும் பெயர்களை எடுத்தார்கள், எண்ணுவதை நிறுத்தவில்லை.

சட்டமும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி (2012), வேலை உறவை நிர்வகிக்க நியாயமாகத் தேவைப்படும் தகவலைத் திரட்ட முதலாளி நம் சம்மதத்தைக் கேட்க வேண்டியதில்லை. தெரிவித்தால் போதும்.

படத்தின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. சாப்ளினை அதட்ட இன்னொருவர் வேண்டியிருந்தது. மஞ்சள் புள்ளிக்குப் பயந்து நம்மை நாமே அதட்டிக்கொள்வதை அந்தப் படத்தால் காட்ட முடியாது.

நம் தோட்டக் கதைகளில் வரும் கங்காணிக்கும் முகம் உண்டு. வெயிலில் அவருக்கும் வேர்க்கும். முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பு ஒரு சின்ன விடுதலை. அலுவலகத்தை எழுத வரும் என் தலைமுறைக்கு முன்னால் உள்ள சிக்கல் இதுதான்: ஒரு புள்ளிக்கு எப்படிப் பட்டப்பெயர் வைப்பது?