கதிர் பொறுக்குகிறவள்

கீட்ஸின் 'டு ஆட்டம்' கவிதையைத் தமிழில் குறிப்பிடும்போது 'இலையுதிர் காலம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கவிதைக்குள் ஒரு இலைகூட உதிர்வதில்லை. ஆப்பிள் கனத்துக் கிளை வளைகிறது, சுரை பருக்கிறது, தேனடை நிரம்பி வழிகிறது. பிறகு அறுவடை. இலை உதிர்வதெல்லாம் நம்ம மொழிபெயர்ப்பிலதான். சாவைப் பற்றிய கவிதை என்று முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொண்ட வாசிப்புக்கு இந்தத் தலைப்பு வசதி.

நானும் ஒரு முடிவோடுதான் உள்ளே போனேன், அது வேறு முடிவு. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டுத் திரண்ட சுமார் 60,000 பேர் மேல் குதிரைப்படையை ஏவினார்கள். குறைந்தது 15 பேர் செத்தார்கள். பீட்டர்லூ. அந்தக் கூட்டத்தின் பேச்சாளர் ஹென்றி ஹண்டை லண்டன் செப்டம்பர் 13 அன்று வரவேற்றது. அந்த ஜனத்திரளைப் பற்றிக் கீட்ஸ் கடிதத்தில் எழுதுகிறார். ஆறே நாளில், வின்செஸ்டரில், இந்தக் கவிதை. பீட்டர்லூ பற்றி ஒரு சொல் இல்லை. இத்தாலியிலிருந்த ஷெல்லி எழுதினார் (அச்சில் வந்ததென்னவோ 1832-இல், அவர் செத்துப் பத்து வருஷம் கழித்து). இந்தப் பிரதி வரலாற்றிலிருந்து விலகிப்போவதை ஜெரோம் மக்கான் 1979-இல் விவாதித்தார். அதைப் பிடித்துக்கொண்டு, 'இந்த மௌனம் குற்றம்' என்று நண்பர்கள் கூட்டத்தில் நான் பேசியிருக்கிறேன். சுலபமான பேச்சு. எல்லாரும் தலையாட்டினார்கள்.

இப்போது அப்படிப் பேச முடியவில்லை. இரண்டாம் பத்தியில் பருவம் ஆளுருவம் கொண்டு களத்தில் உட்கார்ந்திருக்கிறது, பாதி அறுத்த வயலில் அசந்து தூங்குகிறது, தலையில் சுமையோடு ஓடையைக் கடக்கிறது. கடப்பது கதிர் பொறுக்குகிற ஆள். ஆணா பெண்ணா என்று கவிதை சொல்வதில்லை. சிந்திய கதிரைப் பொறுக்கியவர்கள் அங்கே பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான் என்பதால் எனக்கு அவள் பெண். 1788-இல் ஒரு வழக்கில், பொறுக்குவது ஏழைகளின் உரிமையல்ல என்று ஆங்கிலேய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கம் நிற்கவில்லை, ஆனால் சட்டத்தின் கண்ணில் அது இனி நிலக்காரன் தயவு. கீட்ஸ் இந்தத் தீர்ப்பை யோசித்தாரா என்பது என் கேள்வியல்ல. பருவத்துக்கு ஒரு தேவதையின் முகம் வைப்பதுதான் அன்றைய வழக்கம். இவர் வைத்தது உரிமை பறிக்கப்பட்டவளின் உடம்பை.

தூங்குகிற ஆளின் அரிவாளையும் பார்க்கணும். ஐரோப்பியச் சித்திரங்களில் சாவின் கையிலிருப்பது வாள் அல்ல, அறுக்கிற கருவி. இங்கே அது அடுத்த கதிர்வரிசையை, அதில் பின்னிக்கிடக்கும் பூக்களோடு, தொடாமல் விட்டிருக்கிறது. தம்பி டாம் காசநோயில் தேய்வதைக் கூடவே இருந்து பார்த்தவர், 1818 டிசம்பரில் பறிகொடுத்தவர், மருத்துவம் படித்தவர் எழுதியது இது. சாவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கிடைக்கும், அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். 'நைட்டிங்கேல்' கவிதையில் சாவை ஆசையோடு கூப்பிடுகிற 'நான்' இங்கே இல்லவே இல்லை. வேர்ட்ஸ்வர்த்தின் லூசி செத்ததும் பாறையோடு மரத்தோடு சேர்ந்துவிடுகிறாள். அது எனக்கு எப்போதுமே உறுத்தல். இங்கே யாரும் இயற்கையாகக் கரைந்துபோவதில்லை. வேலை செய்து களைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பீட்டர்லூ பற்றிய மௌனம் இதனால் இல்லாமல் போய்விடாது. சபரால் வெட்டுப்பட்டவர்களுக்கு இந்தக் கவிதை ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கூட்டத்தில் நான் அதைச் சொன்னதுகூடத் தப்பில்லை. அவளைப் பார்க்காமல் சொன்னேன்.