வானோர் போரும் மீன் சுமந்த தோளும்

வானுலகில் நிகழ்ந்தனவாகச் சொல்லப்படும் போர்கள் யாவும் மண்ணுலகில் கற்பனை செய்யப்பட்டவையே. ஆகவே அக்கதைகளை ஆராய்வோர், நல்லவர் யார், தீயவர் யார் என்று வகுத்துக் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. போர் எதன்பொருட்டு மூண்டது, அதன் சுமையை யார் சுமந்தனர், கதை யாருடைய கண்கொண்டு அதனைப் பார்க்கின்றது என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இவ்வினாக்களோடு இரு திரைப்படங்களை இங்கு நோக்குவோம். ஒன்று, 1967 ஆம் ஆண்டு ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் வெளிவந்த ‘கந்தன் கருணை’. மற்றது, 1995 ஆம் ஆண்டு கிறெகரி வைடன் எழுதி இயக்கிய ‘தி புறொபெசி’ என்னும் அமெரிக்கப் படம். முன்னதைப் பக்திப் படம் என்பர். பின்னதைத் திகிற்படம் என்பர். எனினும் வானோரின் போரே இரண்டிற்கும் கரு.

‘கந்தன் கருணை’யின் கலைச்சிறப்பை மறுப்பார் இலர். வீரபாகுவாகச் சிவாஜி கணேசனும், சூரபத்மனாக அசோகனும், ஔவையாகக் கே. பி. சுந்தராம்பாளும் தோன்றும் அப்படத்தின் இசைக்காகவே, இசையமைப்புக்கான இந்தியத் தேசிய விருதினை முதன்முதலாகக் கே. வி. மகாதேவன் பெற்றார். ஈழத்தவராகிய நமக்கோ அப்படத்தின் கதை திரையரங்கில் அறிமுகமானதன்று. ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றவர் பயன் சொல்லும் புராணபடன மரபில், கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் நம் கோயில்கள்தோறும் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வந்துள்ளது. கந்தசஷ்டியின் ஆறாம் நாள் நடைபெறும் சூரன் போரைக் காணாத சிறுவர் நம்மிடையே சிலரே. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை நம் வாழ்க்கை முறையினையே ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பெயரிட்டழைத்தார் என்றால், அக்கதையின் செல்வாக்கை வேறு சொல்லி விளக்க வேண்டியதில்லை.

அத்துணைச் செல்வாக்குடைய கதையிலே போருக்குரிய நியாயம் எங்ஙனம் கட்டப்படுகின்றது? அசுர காண்டத்தில் தேவரை ஏவல்கொள் படலம் என்றொரு பகுதி உண்டு. வெற்றி பெற்ற சூரபத்மன், கடல் மீனைக் கொணர்ந்து அசுரர்க்குக் கொடுக்குமாறு தேவர்களைப் பணிக்கின்றான். வானோர் மீன் சுமக்கின்றனர், நாணத்தாற் குன்றுகின்றனர். பொறுக்கலாகாக் கொடுமை என அப்புராணம் அடுக்கிக் காட்டுவனவற்றுள் இதுவும் ஒன்று.

துறைமுக நகரத்து வாசகர் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தேவர்க்கு இழிவெனப்பட்ட அந்தத் தொழில், திருகோணமலைக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அன்றாட வாழ்வு. விடியுமுன் வலை இழுப்போரும், கூடை சுமந்து தெருத்தெருவாய் விற்போரும் மூவுலகப் போருக்குக் காரணமாகத்தக்க எந்த இழிவையும் செய்தாரல்லர். ஒருவனை அடிமைப்படுத்தி வேலை வாங்குவது கொடுமை என்று புராணம் சொல்லியிருப்பின் அதனை நாம் முழுமனத்தோடு ஏற்றிருப்போம். அதுவோ வேலையையே இழிவென்கின்றது. உழைப்பு யாரோ சிலருக்கென விதிக்கப்பட்டது, மேலோர் கைக்கு அது தகாது என்னும் எண்ணம் அங்கே வேரூன்றி நிற்கின்றது. சாதியின் இலக்கணமும் இதுவேயன்றோ?

இனி அமெரிக்கப் படத்திற்கு வருவோம். இறைவன் மனிதருக்கு ஆன்மாவை அளித்துத் தேவதூதரினும் மேலாக நேசித்தான் என்பதற்காக வானுலகில் இரண்டாம் போர் மூள்கின்றது. அதற்குத் தலைமை தாங்குபவன் கபிரியேல். மனிதரைக் குரங்குகள் என்றே அவன் குறிப்பிடுகின்றான். கிறிஸ்தோபர் வோக்கனின் நடிப்பில் அவன், பரம்பரை நிலம் பறிபோன பிரபுவைப்போல வன்மமும் நகைப்பும் கலந்து பேசுகின்றான். ‘கந்தன் கருணை’யிற் போலவே இங்கும் போரின் வேர் இழந்த மேன்மையே, கீழோர் என்று தான் கருதியோர் உயர்ந்துவிட்டனரே என்னும் எரிச்சலே. ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. தேவரின் மானக்கேட்டைத் தமிழ்ப் படம் தன் மானக்கேடாக ஏற்றுக்கொள்கின்றது. கபிரியேலின் மானக்கேட்டை அமெரிக்கப் படம் ஏற்க மறுக்கின்றது. குருத்துவக் கல்வியைக் கைவிட்டுக் காவல்துறையிற் சேர்ந்த தோமஸ், அரிசோனாவின் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியை கதரின், செவ்விந்தியச் சிறுமி மேரி ஆகியோரின் பக்கம் நின்று அது வானத்தை அண்ணாந்து பார்க்கின்றது.

அப்படத்தில் நகைப்புக்குரியதுபோல் வந்துபோகும் ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. உலகை வெல்ல வந்த கபிரியேலுக்கு மோட்டார் வண்டி ஓட்டத் தெரியாது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஒருவனைச் சாவின் விளிம்பிலே பிடித்துவைத்து, அவனைச் சாரதியாகவும் ஏவலாளனாகவும் அலைக்கழிக்கின்றான். இறந்து ஓய்வுபெறும் உரிமைகூட அவனுக்கு மறுக்கப்படுகின்றது. உழைப்பை இகழ்பவன் பிறர் உழைப்பின்றி ஓரடியும் நகர முடியாதவன் என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

எனினும் படத்தின் மற்றொரு பகுதி நம்மைக் கவலைக்குள்ளாக்குகின்றது. போரை வெல்லக் கபிரியேல் தேடுவது, கொரியப் போரிற் கொடுமைகள் புரிந்த ஓர் அமெரிக்கக் கேணலின் ஆன்மா. வானுலகமும் யுத்தக் கலையை மண்ணுலகப் படைத்தலைவனிடமே இரவல் வாங்க வேண்டியிருக்கிறது என்னும் கற்பனை கூர்மையானது. ஆனால் அவ்விடத்தே படம் வழி தவறுகின்றது. 1950 முதல் 1953 வரை நீடித்த ஒரு போரின் கொடுமை, தனியொருவனின் கரிய ஆன்மாவாகச் சுருக்கப்படுகின்றது. அவனை அங்கு அனுப்பிய அரசு எங்கே? ஆயுதம் வார்த்தோர் எங்கே? மாண்ட கொரியர் எங்கே? அந்த ஆன்மாவை மறைத்துவைக்கும் இடமோ, தன் மக்கள் நிலத்தை இழந்த இனத்தின் சிறுமியொருத்தியின் உடல். நல்ல தேவதூதன் எனப்படுபவனும் அவள் சம்மதத்தைக் கேட்டானில்லை. இறுதியிற் சடங்கொன்று அவ்வான்மாவை வெளியேற்ற, லூசிபர் வந்து கபிரியேலின் இருதயத்தைப் பறிக்க, கணக்கு முடிந்ததாகின்றது. விசாரணையும் இல்லை, சாட்சியும் இல்லை.

இத்தகைய முடிவில் நிறைவுகொள்ள நம்மால் இயலாது. ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் எனப் பெருவல்லரசுகள் தமக்குள் மோதியபோது, 1782 என்னும் ஒரே ஆண்டில் இருமுறை கைமாறியது நம் துறைமுகம். 1942 ஏப்ரில் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் இதன்மீதே. பின்வந்த உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில், மீனவன் கடலிலிறங்கும் வேளையும் தூரமும் பிறர் ஆணையால் அளக்கப்பட்டன. 2006 சனவரி 2 ஆம் திகதி இந்நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டோர் 2019 இல் விடுவிக்கப்பட்டனர். கொடுமையென்பது எவனோ ஒருவனுள் புகுந்த பேயாயின் சடங்கு போதும். அது மனிதரின் ஆணையாலும் மனிதரின் மௌனத்தாலும் நிகழ்வதாகலின், சாட்சியமும் நீதியும் வேண்டும்.

தமிழ்க் கதைக்கு உரியதொரு பெருமையைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. அமெரிக்கப் படத்திற் பகைவன் இருதயம் பறிக்கப்பட்டு ஒழிகின்றான். கந்தபுராணத்திலோ சூரன் மயிலும் சேவலுமாகி, வென்றவனின் வாகனமும் கொடியும் ஆகின்றான். பகைவனையும் அழித்தொழிக்க ஒருப்படாத இக்கற்பனை உயர்ந்தது. படத்தின் பெயரிலுள்ள ‘கருணை’ என்னும் சொல்லும் அதனாற் பொருளுடையதாகின்றது. ஆயின் அக்கருணை அரசனோடு நின்றுவிடுகின்றது. சிங்கமுகனுக்கும் பானுகோபனுக்கும் பெயருண்டு. அவர்தம் படைகளில் மடிந்தோர்க்குப் பெயருமில்லை, மறுபிறப்புமில்லை.

புராணத்தைப் புறக்கணிக்குமாறு நாம் கூறவில்லை. வகுப்பறையில் அதனைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும், தேவரின் நாணத்தைப் பயன் சொல்லுமிடத்து, மீன் சுமப்பது ஏன் நாணத்துக்குரியதாயிற்று என்று வினவல் வேண்டும். அவ்வகுப்பறைகளின் வாங்குகளில் மீனவர் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர். தம் தந்தையின் தொழிலை வானோரின் இழிவாக அவர்கள் மனனஞ் செய்யும் நிலை தொடரலாகாது.