பாராட்டுப் பணம் எங்கிருந்து வருகிறது?

1988-இல் டெல்லியில் ஒரு கிளப் கிரிக்கெட் போட்டி. அஜய் சர்மாவின் ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோன ஒருவர், பாராட்டு என்று சொல்லி 2,000 ரூபாயை அவர் கையில் கொடுத்தார். கொடுத்தவர் எம்.கே. குப்தா என்ற புக்கி. அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் குப்தா இந்திய அணி வீரர்கள் வரை போய்ச் சேர்ந்தார் என்கிறது 2000-ஆம் ஆண்டின் சிபிஐ அறிக்கை. சூதாட்டத்தில் நிழலுலகக் கும்பல்கள் கைவைக்கத் தொடங்கிவிட்டன என்றும் அது எச்சரித்தது. சர்மாவுக்கு இந்திய கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை விதித்தது. 2014-இல் டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. முதல்தர கிரிக்கெட்டில் 10,120 ரன், சராசரி 67.46. ஆடியதோ ஒரே ஒரு டெஸ்ட்.

திறமை இருந்தும் பாதியில் நின்றுபோன ஆட்டக்காரரைத்தான் சூதாட்டக்காரர்கள் தேடுகிறார்கள். வீரர்களோடு தோளில் கைபோட்டுப் பேச அவருக்கு உரிமை உண்டு. 2013 ஐபிஎல் சூதாட்ட வழக்கில் கைதான அமித் சிங்கும் ராஜஸ்தான் ராயல்ஸின் முன்னாள் பந்துவீச்சாளர்தான். வாரியம் அவருக்கு ஐந்து ஆண்டு தடை விதித்தது.

அமெரிக்காவில் ஆஷ் ரெஸ்னிக் கதையும் இதே தடம்தான். நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடியவர், பிறகு லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதியின் முக்கியப் புள்ளியானார். மாஃபியாவோடு தொடர்பு என்று எஃப்பிஐ அவரைக் கண்காணித்தது. குத்துச்சண்டை சாம்பியன் சோனி லிஸ்டனுக்கு நெருக்கமானவர். 1964 பிப்ரவரி 25, மியாமி பீச். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் நாற்காலியை விட்டு எழவில்லை. கேஷியஸ் கிளே சாம்பியன். லிஸ்டன் மேல் பணம் கட்டாதே என்று ரெஸ்னிக் முன்கூட்டியே சொன்னதாக ஒரு சூதாடி பின்னர் எஃப்பிஐயிடம் கூறினார். எதுவும் நிரூபணமாகவில்லை. அந்த ஆறு சுற்றுகளில் கிளேயின் கால்வேகத்துக்கு ஈடுகொடுக்க லிஸ்டன் திணறினார். வெற்றி நிஜமானது என்பதே என் கணிப்பு. ஆனாலும் சந்தேகம் அந்த வெற்றியை விட்டு இன்றுவரை விலகவில்லை.

இப்போது முழு ஆட்டத்தையும் விற்க வேண்டியதில்லை, ஒரு ஓவர் போதும். 2013 மே 5, ஜெய்ப்பூர். போலீஸ் சொன்னபடி, ராஜஸ்தான் ராயல்ஸ் பந்துவீச்சாளர் அஜித் சண்டிலா தன் இரண்டாவது ஓவரில் பேசிவைத்த 14 ரன்னைக் கொடுத்தார். ஆனால் ஓவருக்கு முன் காட்ட வேண்டிய சைகையை மறந்துவிட்டார். புக்கிகளால் பந்தயம் பிடிக்க முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் விலைபேசியது முன்கூட்டித் தெரியும் தகவலுக்குத்தான். குற்றப்பத்திரிகையில் நிழலுலகத் தலைவர் தாவூத் இப்ராஹிம் பெயரும் இருந்தது. 2015-இல் வீரர்கள் எல்லோரையும் நீதிமன்றம் விடுவித்தது.

நம் கர்நாடகத்திலும் 2019-இல் கேபிஎல் (கர்நாடக பிரீமியர் லீக்) சூதாட்ட வழக்கில் ஒரு அணியின் உரிமையாளரே கைதானார். மேட்ச் பிக்சிங் இந்திய தண்டனைச் சட்டத்தின் 420 பிரிவின்படி மோசடி ஆகாது என்று 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. இலங்கை 2019-லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டது, பத்தாண்டு வரை சிறை. நம்மிடம் அப்படி ஒன்று இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

கோலார் தங்கவயலில் இதை எழுத ஒரு காரணம் உண்டு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபின், மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மட்டையைத் தூக்குகிறார்கள். நல்லா ஆடும் பையனுக்கு ஷூ வாங்கக்கூடப் பணம் இருக்காது. அவனிடம் 2,000 ரூபாயை நீட்டுபவர் யார் என்று கேட்க அங்கே ஆள் வேண்டும். ராபர்ட்சன்பேட்டையானாலும் ஆண்டர்சன்பேட்டையானாலும், டோர்னமென்ட் நோட்டீஸில் பரிசுப் பணம் தருபவரின் பெயரை அச்சடியுங்கள். ரொக்கப் பரிசை மேடையிலேயே, கணக்கெழுதிக் கொடுங்கள். மாநில சங்கமும் ஊழல் தடுப்பு வகுப்பை ரஞ்சி அணியோடு நிறுத்தாமல் மாவட்ட மைதானங்களுக்குக் கொண்டுவரட்டும்; இந்த சீசனிலேயே.