மூன்றாம் முடிச்சும் மாநிறமும்

கெட்டிமேளம் கிளம்பியதும் மணமேடையைச் சுற்றி எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உயர்கின்றன. அட்சதை பறக்கிறது, குலவை எழுகிறது, ஓமப்புகை பெண்ணின் முகத்துக்கும் கேமராவுக்கும் நடுவே வந்து நிற்கிறது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, நாத்தனார் மற்ற இரண்டையும் போட்டு முடிக்கும் வரை சில நொடிகள்தான். இன்னொரு தடவை கட்டச் சொல்லிக் கேட்க முடியாது. அந்த நொடியில் பெண்ணின் குனிந்த கழுத்தும், நாத்தனாரின் விரல்களும், பின்னால் கண் கலங்கி நிற்கும் அப்பாவும் ஒரே படத்தில் வந்து விழுந்தால், எடுத்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சங்கரன்கோவிலில் இது இன்னும் கடினம். சங்கரநாராயணர் கோயிலில் தாலி கட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு மண்டபம் போகிறவர்கள் உண்டு. கல்மண்டபத்துக்குள் மங்கல் இருட்டு. வெளியே கால் வைத்தால் தென்காசிச் சீமையின் வெயில். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டிக்கு வெளிச்சத்தை அளந்தால் முகம் கறுத்துப்போகும். முகத்துக்கு அளந்தால் வேட்டியின் மடிப்பெல்லாம் வெளுத்து அழிந்துவிடும். ஃப்ளாஷை நேராக அடித்தால் நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு மட்டுமே மிஞ்சும். கைதேர்ந்தவர் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து மெல்ல விழச் செய்வார். அப்போதுதான் பட்டின் சரிகையும் கன்னத்தின் வளைவும் எழுந்து வரும்.

நான் ஓர் ஆல்பத்தில் முதலில் பார்ப்பது தோல் நிறத்தைத்தான். நம் ஊர்ப் பெண்ணின் மாநிறத்தை மாநிறமாகவே அச்சில் கொண்டுவருகிறவரே எனக்குப் பெரிய கலைஞர். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்க வைத்த முகங்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. அந்தப் பெண்ணின் சாயலே அதில் போய்விடுகிறது.

டிஜிட்டல் ஃபைல் பற்றிய பேச்சும் இந்த மாநிறத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். "எல்லாப் படத்தையும் பென்டிரைவ்ல போட்டுத் தந்துருவீங்கள்லா தம்பி?" என்று பெண்ணின் மாமா கேட்பதும், போட்டோகிராபர் தம்பி தயங்குவதும் வழக்கம். மாமா கேட்பதில் நியாயம் உண்டு. யாஷிகா கேமரா காலத்தில் ஒரு ரோலுக்கு 12 படம். நெகட்டிவ் ஸ்டூடியோவிலேயே இருக்கும், காப்பி வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும். ஸ்டூடியோ மூடியபோது நெகட்டிவும் போயிற்று. வெக்கையில் ஒட்டிப்போனவை, பழைய சாமானோடு போனவை, வெள்ளிக்காக உருக்கப்பட்டவை ஏராளம். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப்பிடித்து மின்னுருவாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்ய வேண்டிவந்ததே, நாம் இழந்தது எவ்வளவு என்று காட்டும்.

சட்டம் கல்யாண வீட்டார் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பொதுவாக உரிமை படம் எடுத்தவருக்குப் போகும். அங்குள்ள வழக்கத்தைப் படித்துவிட்டு இங்கே வாதாட வேண்டாம். ஆனால் உரிமை இருந்தாலும், எந்த ஃபைலை, எந்த அளவில், என்றைக்குத் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. அதை அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே ஆர்டர் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கேமரா பதிவு செய்தபடியே இருக்கும், இன்னும் திருத்தாத ரா ஃபைலைத் தரப் போட்டோகிராபர்கள் யோசிப்பது எனக்குப் புரிகிறது. அது அரைத்து வைத்த மாவு. அதைச் சுட்டுத்தான் தோசை. மங்கலாகக் கிடக்கும் ராவை யாரோ கண்டபடி திருத்தி, அவர் பெயரிலேயே பரப்பினால் அவருக்குத்தான் கெட்ட பெயர். ஆனாலும் முகூர்த்தப் படங்களின் ராவையாவது கேட்டு வாங்குங்கள் என்பேன். வழக்கமாகக் கைக்கு வரும் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைதான். 14 பிட் ராவில் 16,384. இன்றைக்கு வெளுக்க வைத்த முகத்தின் மாநிறத்தை இருபது வருஷம் கழித்து மகள் மீட்டெடுக்க முடியுமென்றால் அதிலிருந்துதான் முடியும். ராவுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்கலாம், தப்பில்லை.

ஃபைல் கைக்கு வந்துவிட்டது என்று ஆல்பத்தை விட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான படங்களில் எதைத் தள்ளுவது, எதைப் பக்கம் முழுக்கப் போடுவது என்ற தேர்வில்தான் போட்டோகிராபரின் கண் தெரிகிறது. செலக்‌ஷனை மொத்தமாக வீட்டாரே செய்தால் சொந்தக்காரர்களின் வரிசைதான் மிஞ்சும். அவர்கள் கேட்கும் குரூப் போட்டோக்களைப் போட்டுக்கொள்ளட்டும். முகூர்த்தப் பக்கங்களை மட்டும் அவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். ஒரு ஹார்ட் டிஸ்க் பெண் வீட்டில், ஒன்று மாப்பிள்ளை வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை மூலப்படம் என்று நம்ப வேண்டாம். இன்ஸ்டாகிராமில் போடும்போது எடுத்தவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். உரிமை உங்களுடையதானாலும், எடுத்தது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு அவருக்கே வைத்திருக்கிறது.